பால் வோல்க்கர்: வட்டியை 20% வரை ஏற்றியவரைப் பற்றி

மாடக்குளம்:

போன வாரம் வீட்டுக் கடன் இழையில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். 2022 மே தொடக்கத்தில் 4% ஆக இருந்த ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி) 2023 பிப்ரவரிக்குள் 6.5% ஆகிவிட்டது, என் தவணைக் காலம் ஆறு வருடம் நீண்டுவிட்டது, இந்த மத்திய வங்கிக்காரர்களுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா, என்று. கோபம் நியாயமானது. ஆனால் அதைப் படித்ததும் எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது. அங்கே எழுதினால் பேச்சு திசை திரும்பிவிடும், அதனால் தனி இழை.

பால் வோல்க்கர். 1979 முதல் 1987 வரை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர். ஆறடி ஏழு அங்குல உயரம், கையில் எப்போதும் மலிவான சுருட்டு. முப்பத்து மூன்று வருடம் வங்கிக் கிளைகளில் வட்டிக் கணக்குப் பார்த்தவன் நான். பணத்தோடு புழங்கிய பெரிய மனிதர்களில் நான் மனதார மதிப்பது இவரைத்தான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

1927-இல் நியூ ஜெர்சியில் கேப் மே என்ற கடலோர ஊரில் பிறந்தவர். அப்பா நகர நிர்வாகி, நம் ஊரில் நகராட்சி ஆணையர் மாதிரி. 1930-இல் அவர் டீனெக் என்ற ஊரின் பொறுப்பை ஏற்றபோது அந்த ஊர் கடனில் மூழ்கிக் கிடந்தது. அதை நிமிர்த்திவிட்டு இருபது வருடம் அங்கேயே இருந்தார். அவருடைய அலுவலகத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் வாசகம் ஒன்று மாட்டியிருந்தது. மறுக்க வேண்டிய இடத்தில் மனம் இளகிச் சம்மதித்துவிடாதே, உன் முடிவால் நன்மையோ தீமையோ அடையப்போவது பொதுக் காரியம் என்பது அதன் சாரம். மகன் தன் கடைசிக் காலம் வரை அதை நினைவில் வைத்திருந்தார்.

பிரின்ஸ்டனில் 1949-இல் அவர் எழுதிய இளங்கலை ஆய்வேடே ஃபெடரல் ரிசர்வைப் பற்றியது. போருக்குப் பின் ஏறிய விலைவாசியை அது கட்டுப்படுத்தத் தவறியது என்று அந்த வயதிலேயே குறை சொல்லியிருந்தார். அப்புறம் ஹார்வர்ட், லண்டன். முனைவர் பட்டத்தை முடிக்கவில்லை. 1952-இல் ஃபெடரல் ரிசர்வின் நியூயார்க் வங்கியில், சுருக்கமாக நியூயார்க் ஃபெடில், பொருளாதாரப் பிரிவில் சேர்ந்தார். 1957-இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, 1962-இல் அரசுக் கருவூலத் துறை, மறுபடி சேஸ், மறுபடி கருவூலம். இப்படி மாறி மாறிப் போனவர்தான் 1969-இல் நிக்சன் ஆட்சியில் பண விவகாரங்களுக்கான துணைச் செயலர் ஆனார்.

அந்த நாற்காலியில் இருந்தபோது நடந்ததுதான் 1971 ஆகஸ்ட் 15. ஒரு அவுன்ஸ் தங்கம் 35 டாலர் என்ற கணக்கில், வெளிநாட்டு மத்திய வங்கிகள் டாலரைக் கொடுத்துத் தங்கம் வாங்கிக்கொள்ளலாம் என்பது 1944-இல் பிரெட்டன் வுட்ஸில் போட்ட ஏற்பாடு. கேம்ப் டேவிட்டில் வார இறுதியில் கூடிப் பேசி, ஞாயிறு இரவு நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி அந்தக் கதவை மூடினார். அதற்கான திட்டங்களை முன்கூட்டியே தயாரித்தவர்களில் முக்கியமானவர் வோல்க்கர். பிறகு மற்ற நாடுகளோடு புது மாற்று விகிதம் பேச டோக்கியோவுக்கும் ஐரோப்பியத் தலைநகரங்களுக்கும் அலைந்தவரும் அவரே. 1973 மார்ச்சோடு நிலையான மாற்று விகிதம் என்ற ஏற்பாடே போய்விட்டது. தங்கத்தின் பிடி போன பிறகு டாலரின் மதிப்பைக் காப்பது எது என்ற கேள்வி அவரை விடவே இல்லை என்பது என் எண்ணம். 1979-இல் அவர் செய்ததை அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் நான் பார்க்கிறேன்.

1979 ஜூலையில் அதிபர் கார்ட்டர் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அப்போது ஃபெட் தலைவராக இருந்த வில்லியம் மில்லரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். வோல்க்கர் அவரைக் காட்டி, இவரைவிட இறுக்கமாகத்தான் நான் நடத்துவேன் என்று அதிபரிடமே சொன்னார். வெளியே வந்து, வேலை கைநழுவிவிட்டது என்று நண்பர்களிடமும் சொல்லிவிட்டார். ஆனால் வேலை கிடைத்தது. ஆகஸ்ட் 6 அன்று பதவியேற்றார்.

அடுத்து நடந்ததை நாளை எழுதுகிறேன். இதற்குள் யாருக்காவது சொல்ல இருந்தால் சொல்லுங்கள்.

செம்பருத்தி:

ஐயா, நான் கோவையில் எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். எங்கள் பாடத்தில் "வோல்க்கர் பணவீக்க இறக்கம்" என்று ஒரே பத்தியில் முடித்துவிடுகிறார்கள். அவர் வட்டியை ஏற்றவில்லை, பண அளவைக் கட்டுப்படுத்தினார் என்று அதில் இருக்கிறது. ஆனால் எல்லோரும் வட்டி 20% ஆனதைத்தான் பேசுகிறார்கள். இது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மாடக்குளம்:

நல்ல கேள்வி அம்மா. இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது.

பதவியேற்று ஆறு வாரத்தில், செப்டம்பர் 18 அன்று, தள்ளுபடி வட்டியை, அதாவது வங்கிகளுக்கு ஃபெட் நேரடியாகக் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 11% ஆக ஏற்றினார்கள். ஃபெடின் வாரியத்தில் ஓட்டு நாலுக்கு மூன்று. அவ்வளவுதான், இனி இவர்களால் ஏற்ற முடியாது என்று சந்தை முடிவு கட்டிவிட்டது. தங்கத்தின் விலை எகிறியது. ஒவ்வொரு முறையும் கால் சதவீதத்துக்காக உறுப்பினர்களோடு மல்லுக்கட்டினால் காரியம் நடக்காது என்று அவருக்குப் புரிந்தது.

அந்த மாதக் கடைசியில் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) ஆண்டுக் கூட்டத்துக்காகப் பெல்கிரேட் போனார். வழியில் ஹம்பர்க்கில் ஜெர்மன் தலைவர் ஹெல்முட் ஷ்மிட், டாலர் இப்படிச் சரிந்துகொண்டே போனால் எப்படி என்று கடுமையாகவே பேசி அனுப்பினார். வோல்க்கர் கூட்டம் முடியும்வரை காத்திருக்கவில்லை, பாதியில் ஊர் திரும்பினார். அக்டோபர் 6, சனிக்கிழமை. எல்லா உறுப்பினர்களையும் ரகசியமாக வாஷிங்டனுக்கு வரவழைத்து ஒரு கூட்டம். அன்று மாலையே பத்திரிகையாளர் சந்திப்பு. அதே நாளில் போப் இரண்டாம் ஜான் பால் வாஷிங்டனில் இருந்தார், கேமராக்காரர்கள் எல்லாம் அங்கே. போப் வருகையை மறந்த பிறகும் இந்தச் சந்திப்பை நினைவில் வைத்திருப்பீர்கள் என்று சொல்லித்தான் ஃபெடின் செய்தித் தொடர்பாளர் ஒரு கேமராவை வரவழைத்தார்.

அறிவித்தது இதுதான். இனி நாங்கள் வட்டி விகிதத்துக்கு இலக்கு வைக்கமாட்டோம். வங்கிகளின் கையில் இருக்கும் கையிருப்பின் அளவை மட்டும் பிடித்துவைப்போம், அதனால் வட்டி எங்கே போகிறதோ அங்கே போகட்டும். ஏரி மதகை இவ்வளவுதான் திறப்போம் என்று சொல்லிவிட்டால் வாய்க்காலில் தண்ணீருக்குச் சண்டை வரும் இல்லையா, அது மாதிரி. பணத்துக்குச் சண்டை வந்தால் வட்டி ஏறும். ஏற்றியது யார் என்றால் சந்தை. ஓட்டுப் போட்டு 20% ஆக்க எந்த உறுப்பினருக்கும் கை வந்திருக்காது.

ஆனால் நேர்கோட்டில் போகவில்லை. 1980 மார்ச்சில் கார்ட்டர் அரசு கடன் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது, ஃபெடும் அதற்கு ஒத்துழைத்தது. மக்கள் கிரெடிட் கார்டுகளை வெட்டித் திருப்பி அனுப்பும் அளவுக்குப் பயந்தார்கள். பொருளாதாரம் தொப்பென்று விழுந்தது. ஏப்ரலில் 17%-க்கு மேல் இருந்த, வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் ஒருநாள் கடனுக்கான வட்டி கோடையில் 9% அளவுக்கு இறங்கியது. விலைவாசி அடங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று, அதுவும் அதிபர் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு. தன்னை நியமித்தவரின் தேர்தல் அது. கார்ட்டர் தோற்றார். 1980 டிசம்பரில் வங்கிகள் தங்கள் நம்பகமான வாடிக்கையாளர்களுக்குப் போடும் வட்டியான பிரைம் ரேட் 21.5%. 1981 அக்டோபரில் முப்பது வருட வீட்டுக் கடன் வட்டி 18.6%.

பலன்? 1980 மார்ச்சில் 14.8% ஆக இருந்த பணவீக்கம் 1983-இல் சுமார் 3%-க்கு வந்துவிட்டது.

தறிக்காரன்:

சார், நீங்கள் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பலன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. விலை என்ன ஆச்சு என்று சொல்லுங்கள்.

நான் சோமனூர்ப் பக்கம் பன்னிரண்டு தறி ஓட்டுகிறேன். நூல் வாங்கக் கடன், சீட்டுப் பணம், கைமாற்று எல்லாம் பார்த்தவன். வட்டி இரண்டு சதவீதம் ஏறினாலே எந்தத் தறியை நிறுத்தலாம் என்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போடுவோம். 21% என்றால் எல்லாத் தறியும் நின்றுவிடும். தறி நின்றால் அதை ஓட்டுகிறவர் வீட்டில் அடுப்பு எரியாது. மேலே இருக்கிறவர் "சந்தை ஏற்றியது, நான் ஏற்றவில்லை" என்று சொன்னால் அதைத் துணிச்சல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கை காட்டிவிட்டு நழுவுவது அது.

பனைமரம்:

தறிக்காரன் சொல்வதில் உண்மை இருக்கு. நான் டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே வந்தது 1987-இல்தான், ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் பழைய ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் 1981-ஐப் பற்றித்தான் கதைப்பார்கள். அமெரிக்கா ஏற்றினால் கனடா சும்மா இருக்க ஏலாது, கனடா டாலர் சரிந்துவிடும். 1981 ஆகஸ்டில் கனடா மத்திய வங்கியின் வட்டி 21%-ஐத் தொட்டது. இங்கே வீட்டுக் கடனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேணும். அந்த வருடம் புதுப்பிக்க வந்த முறை யாருக்கோ அவர்கள் பாடு அவ்வளவுதான். என்னோடு வேலை செய்த ஒரு இத்தாலியர் கட்டிய வீட்டைச் சாவியோடு வங்கியிடம் கொடுத்துவிட்டு, ஆறு வருடம் கழித்தும் அந்தத் தெருவால் போகமாட்டார். இந்த மனிசர் வோல்க்கருக்கு ஓட்டுப் போட்டவரும் இல்லை, அவரின் நாட்டுக்காரரும் இல்லை.

மாடக்குளம்:

தறிக்காரன் தம்பி, நியாயம். விலையைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

1982 கடைசியில் அமெரிக்காவில் வேலையில்லாதோர் 10.8%. 1930-களின் பெரும் மந்தத்துக்குப் பிறகு அதுவரை காணாத அளவு. கட்டுமானத் தொழில் படுத்துவிட்டது. வீடு கட்டுகிறவர்கள் விற்காமல் கிடந்த மரச்சட்டங்களை அறுத்து, அதன் மேல் வட்டியைக் குறையுங்கள் என்று எழுதி, தபால் தலை ஒட்டி, ஃபெடரல் ரிசர்வுக்கே அனுப்பினார்கள். கார் வியாபாரிகள், விற்காத கார்களின் சாவிகளைச் சவப்பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு வந்து அந்தக் கட்டடத்தைச் சுற்றி வளைத்தார்கள். 1981 டிசம்பரில் ஒருவர் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்து வாரிய உறுப்பினர்களைப் பிணைக்கைதியாகப் பிடிக்கப் பார்த்தார். அதன் பிறகுதான் வோல்க்கருக்குப் பாதுகாப்பு போட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஹென்றி கோன்சாலஸ் என்ற உறுப்பினர் அவரைப் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவரப்போவதாகவே சொன்னார்.

கை காட்டிவிட்டு நழுவினார் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒளிந்துகொள்ள நினைத்தவர் கட்டட ஒப்பந்தக்காரர்கள் மாநாட்டுக்கும் விவசாயிகள் கூட்டத்துக்கும் போய் நின்றிருக்க மாட்டார். போய் நின்றார், இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்றார்.

இன்னொன்று. நியூயார்க் ஃபெடில் தலைவராக இருந்தபோது வாங்கிய சம்பளத்தில் ஏறத்தாழ பாதிதான் வாஷிங்டனில், வருடம் 57,500 டாலர். மனைவி பார்பராவுக்கு மூட்டுவாதமும் சர்க்கரை நோயும். மகன் பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ளவர். குடும்பம் நியூயார்க்கிலேயே இருந்தது. மனைவி கணக்கெழுதும் வேலைக்குப் போனார், வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டார். உலகத்தின் வட்டியைத் தீர்மானித்த மனிதர் வாஷிங்டனில் கல்லூரி மாணவர்கள் தங்கும் கட்டடத்தில் ஒரு சின்ன வீட்டில் தங்கி, வாரக் கடைசியில் அழுக்குத் துணியை மூட்டை கட்டி மகள் வீட்டுக்கு எடுத்துப் போனார். இதைச் சொல்வதால் 10.8% குறைந்துவிடாது, எனக்கும் தெரியும். ஆனால் அடுத்தவர் வயிற்றைக் கட்டச் சொன்னவர் தன் வயிற்றையும் கட்டினார் என்பது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை.

வைகறை:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. தொழிற்சங்கத்தில் இருபது வருடம் இருந்தவள். மாடக்குளம் ஐயா மீது மரியாதை உண்டு, ஆனால் இந்தக் கதையின் பெரிய பாதியை இன்னும் யாரும் தொடவே இல்லை.

மரச்சட்டம் அனுப்பிய அமெரிக்கக் கொத்தனாரைப் பற்றிச் சொன்னீர்கள். மெக்சிகோ கொத்தனார் எந்த விலாசத்துக்கு அனுப்புவார்?

1973-க்குப் பிறகு எண்ணெய் விற்ற நாடுகளிடம் டாலர் குவிந்தது. அந்தப் பணம் நியூயார்க்கிலும் லண்டனிலும் உள்ள வங்கிகளுக்கு வந்தது. வங்கிகள் அதை மெக்சிகோ, பிரேசில், அர்ஜென்டினா அரசுகளுக்குக் கடனாகக் கொடுத்தன. வாங்கச் சொல்லித் தேடிப் போய்க் கொடுத்தார்கள் என்பதே சரி. பெரும்பகுதி மாறும் வட்டி. லண்டன் சந்தை வட்டி என்னவோ அதற்கு மேல் ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதம் என்று. வாங்கும்போது பணவீக்கத்தைக் கழித்தால் வட்டி ஒன்றுமே இல்லாத மாதிரி. 1979 அக்டோபருக்குப் பிறகு அதே கடனுக்கு வட்டி இரண்டு மடங்கு. அமெரிக்காவே மந்தத்தில் விழுந்ததால் இவர்கள் விற்கும் சரக்குக்கு விலையும் இல்லை. கட்ட வேண்டியது ஏறுகிறது, வருமானம் இறங்குகிறது.

1982 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. மெக்சிகோ நிதியமைச்சர் ஹெசூஸ் சில்வா எர்சோக் வாஷிங்டனுக்குப் போய், கஜானா காலி, அடுத்த வாரம் கட்ட வேண்டியதைக் கட்ட முடியாது என்றார். மொத்தக் கடன் ஏறத்தாழ 8,000 கோடி டாலர். அந்த வார இறுதியில் நடந்த பேரத்தைக் கவனியுங்கள். எண்ணெய்க்கு முன்பணமாக 100 கோடி டாலர் தருகிறோம் என்ற அமெரிக்கக் கருவூலம், அதற்குக் கட்டணமாக 10 கோடி கேட்டது. சில்வா எர்சோக் பேச்சை முறித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பவே தயாராகிவிட்டார். பிறகுதான் பாதியாகக் குறைத்தார்கள். மூழ்குகிறவனுக்குக் கயிறு போடவும் கூலி.

அப்புறம் பிரேசில், அர்ஜென்டினா என்று வரிசையாக. ஐ.எம்.எஃப் வந்தது, மானியம் போனது, உண்மைக் கூலி சரிந்தது. அந்தப் பத்து வருடத்தை லத்தீன் அமெரிக்காவில் இன்றும் "இழந்த பத்தாண்டு" என்றுதான் சொல்கிறார்கள். கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தால்தான் தீரும் என்று அமெரிக்கா ஒத்துக்கொண்டது எப்போது? 1989-இல், நிக்கலஸ் பிரேடி நிதியமைச்சராக இருந்தபோது. ஏழு வருடம் கழித்து. அந்த ஏழு வருடம் யாருக்குத் தேவைப்பட்டது? அமெரிக்காவின் பெரிய வங்கிகள் லத்தீன் அமெரிக்காவுக்குக் கொடுத்திருந்த கடன் அவற்றின் சொந்த மூலதனத்தைவிட அதிகம். அவை நஷ்டத்தைத் தாங்கும் அளவுக்குத் தேறட்டும் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். சுருட்டும் துணிமூட்டையும் எனக்குப் புரிகிறது, ஐயா. ஆனால் நேர்மையான மனிதர் போட்ட கணக்கிலும் யார் பெயர் எழுதப்படவில்லை என்று பார்க்க வேண்டும்.

செம்பருத்தி:

வைகறை அக்கா, இதைப் படித்ததும் ஒரு சந்தேகம். அதே சமயத்தில் இந்தியா எப்படித் தப்பித்தது? நாமும் 1981-இல் ஐ.எம்.எஃப்-இடம் போனோமே.

வைகறை:

போனோம். 1981 நவம்பரில் 500 கோடி எஸ்.டி.ஆருக்கு (ஐ.எம்.எஃப்-இன் கணக்கு நாணயம்) ஒப்பந்தம், அதுவரை அவர்கள் கொடுத்ததிலேயே பெரியது. 1979 எண்ணெய் விலை ஏற்றம்தான் முக்கியக் காரணம். ஆனால் 390 கோடியோடு போதும் என்று 1984-இல் நிறுத்திக்கொண்டோம். மெக்சிகோ மாதிரி மாட்டாததற்குக் காரணம், நம் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதி அரசுகளும் உலக வங்கியும் குறைந்த வட்டிக்கு நீண்ட காலத்துக்குக் கொடுத்தது. நியூயார்க் வங்கிகளின் மாறும் வட்டிக் கடன் அப்போது நம்மிடம் அவ்வளவு இல்லை. எண்பதுகளின் பிற்பாதியில்தான் அந்தப் பக்கம் போனோம், 1991 அந்நியச் செலாவணி நெருக்கடியில் அதன் பலனையும் பார்த்தோம்.

மாடக்குளம்:

வைகறை, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். மெக்சிகோ கொத்தனார் என்ற இடத்தில் என்னிடம் பதில் இல்லை. இல்லாத பதிலை இருப்பது போல எழுத மாட்டேன்.

இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று, மெக்சிகோவின் நிலைமை அந்த ஆகஸ்டுக்கு முன்பே வோல்க்கருக்குத் தெரியும். ஃபெடிலிருந்து மெக்சிகோவுக்குக் குறுகிய காலக் கடன் அதற்கு முன்பே போய்க்கொண்டிருந்தது. 1982 கோடையில் அவர் வட்டியை இறக்கத் தொடங்கினார். உள்ளூர் மந்தமும் காரணம், மெக்சிகோவும் ஒரு காரணம். பண அளவு இலக்கையும் அந்த இலையுதிர் காலத்தில் ஓரமாக வைத்துவிட்டார்கள். இரண்டு, அந்தக் கடனைக் கொடுத்த வங்கிகளை ஐ.எம்.எஃப் தலைவர் ழாக் டி லாரோசியரும் அவருமாகச் சேர்ந்து நெருக்கி, மெக்சிகோவுக்கு மேலும் 500 கோடி டாலர் புதுக் கடன் கொடுக்க வைத்தார்கள். வங்கிகள் அப்படியே பணத்தை உருவிக்கொண்டு ஓடவிடவில்லை. ஆனால் அது பழைய வட்டியைக் கட்டப் புதுக் கடன். என் கிளையில் யாராவது அப்படிச் செய்திருந்தால் தணிக்கைக்காரர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார். அதனால் உங்கள் ஏழு வருடக் கணக்கு அப்படியே நிற்கிறது.

தறிக்காரன்:

நான் முதலில் கோபமாக எழுதிவிட்டேன். விவசாயிகள் கூட்டத்தில் போய் நின்றார் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் நூல் விலை ஏறியபோது எந்த அதிகாரியும் வந்து நிற்கவில்லை.

ஒன்று கேட்கிறேன் சார். இப்படிப் பெரிய பதவியில் இருந்து இறங்கியதும் எல்லோரும் பெரிய கம்பெனிகளில் ஆலோசகராகப் போய்க் கோடிகளில் வாங்குகிறார்கள். இவர் என்ன செய்தார்? மேலே இருந்தபோது அரசியல்வாதிகளிடம் எப்படி நின்றார்?

செம்பருத்தி:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லட்டுமா ஐயா? இந்த இழையைப் பார்த்த பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன்.

1984 கோடையில் ரீகன் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். வழக்கமான அலுவலக அறையில் சந்திக்காமல் நூலக அறையில் சந்திப்பு. ரீகன் பேசவே இல்லை. பக்கத்தில் இருந்த வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி ஜேம்ஸ் பேக்கர், தேர்தலுக்கு முன் வட்டியை ஏற்றக் கூடாது என்று அதிபர் உங்களுக்கு உத்தரவிடுகிறார் என்றார். வோல்க்கர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே வந்துவிட்டார். இத்தனைக்கும் அந்த நேரத்தில் வட்டியை ஏற்றும் எண்ணமே அவருக்கு இல்லையாம். இதை வெளியே சொன்னால் ஃபெடின் சுதந்திரமே சந்தேகத்துக்கு உள்ளாகும் என்று பேசாமல் இருந்து, 2018-இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில்தான் எழுதினார். அடுத்த வருடமே அவர் காலமாகிவிட்டார்.

1986 பிப்ரவரியில் வாரியத்துக்குள்ளேயே நாலுக்கு மூன்று என்று ஓட்டெடுப்பில் அவரைத் தோற்கடித்தார்கள். ரீகன் நியமித்தவர்கள் சேர்ந்து வட்டியைக் குறைக்கச் சொன்னார்கள். அவர் ராஜினாமா செய்யத் தயாரானார். அன்று மதியத்துக்குள் அந்த முடிவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 1987-இல் கிளம்பினார், ஆலன் கிரீன்ஸ்பான் வந்தார்.

மாடக்குளம்:

அருமை அம்மா, நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்லிவிட்டாய்.

தம்பி கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். வெளியே வந்தபின் பணம் சம்பாதித்தார், ஒளிக்க வேண்டியதில்லை. ஜேம்ஸ் வொல்ஃபென்சனின் முதலீட்டு நிறுவனத்தில் தலைவரானார், பிரின்ஸ்டனில் பாடம் நடத்தினார். ஆனால் அவருடைய கடைசி முப்பது வருடத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. யாரும் தொட விரும்பாத கணக்குப் புத்தகங்களைத் திறக்க அவரைக் கூப்பிட்டார்கள்.

1996-இல் சுவிஸ் வங்கிகள். நாஜிகள் கொன்ற யூதர்கள் போட்டுவைத்த பணத்தை வாரிசுகள் கேட்டபோது, ஐம்பது வருடமாக வங்கிகள் இறப்புச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருந்தன. வதை முகாமில் எந்தச் சான்றிதழ்? வோல்க்கர் தலைமையிலான குழு தணிக்கையாளர்களை உள்ளே அனுப்பி, லட்சக்கணக்கான பழைய கணக்குகளைப் புரட்டி, பாதிக்கப்பட்டவர்களுடையதாக இருக்கக்கூடியவை ஏறத்தாழ 54,000 என்று 1999-இல் சொன்னது. செத்தவர் கணக்கை வாரிசுக்கு மாற்றும் வேலையை எத்தனையோ தடவை செய்தவன் நான். ஒரு கையெழுத்து பொருந்தவில்லை என்று ஒரு பாட்டியை நாலு முறை நடக்கவிட்டதை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த 54,000 என்ற எண்ணை அப்படித்தான் படிக்கிறேன்.

2004-இல் ஐ.நா.வின் ஈராக் எண்ணெய்க்கு உணவுத் திட்டம். தடைக்குள் இருந்த ஈராக் எண்ணெய் விற்ற பணத்தில் உணவும் மருந்தும் வாங்க அனுமதித்த திட்டம் அது, அதில் நடந்த ஊழலை விசாரிக்கும் குழுவுக்கு இவர் தலைவர். இந்தப் பெயரைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்கும் ஞாபகம் வரும். 2005 அக்டோபரில் வந்த வோல்க்கர் அறிக்கையில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங் பெயரும் காங்கிரஸ் கட்சியின் பெயரும் இருந்தன. நட்வர் சிங் மறுத்தார், ஆனாலும் நவம்பரில் வெளியுறவுத் துறை போனது, டிசம்பரில் அமைச்சரவையிலிருந்தே விலகினார். பின்னால் விசாரித்த நீதிபதி பாதக், அவர் பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார், ஆனால் சொந்தமாகப் பணம் பெற்றதற்கு ஆதாரம் இல்லை என்றார். உலக அளவில் 2,200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சதாம் அரசுக்குக் கள்ளப் பணம் கொடுத்ததை அந்த அறிக்கை பட்டியல் போட்டது. ஐ.நா.வின் சொந்த நிர்வாகத்தையும் விட்டுவைக்கவில்லை.

பனைமரம்:

2008-க்குப் பிறகு நடந்ததையும் சேர்க்க வேணும். எண்பது வயது தாண்டிய மனிசரை ஒபாமா ஆலோசனைக் குழுத் தலைவராகப் போட்டார், ஆனால் முதல் வருடம் பெரிதாக யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னது எளிமையான விஷயம். மக்களின் டெபாசிட்டுக்கு அரசு காப்புறுதி கொடுக்கிறது, அந்த வங்கி அதே கூரையின் கீழ் தன் லாபத்துக்காகச் சந்தையில் சூதாடக் கூடாது. 2010 ஜனவரி 21 அன்று ஒபாமா அதை அறிவித்தபோது பின்னால் எல்லோரையும்விட உயரமாக நின்றார். வோல்க்கர் விதி என்று பெயரும் வைத்தார்கள். சட்டம் வந்தது, ஆனால் 2013-இல் விதிமுறையாக வெளிவந்தபோது நூற்றுக்கணக்கான பக்கங்கள், விலக்குக்கு மேல் விலக்கு. அவருக்கே அது பிடிக்கவில்லை. ஒபாமா அறிவிப்பதற்கு முந்திய மாதம், 2009 டிசம்பரில், வங்கியாளர்கள் கூட்டத்தில் அவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார், இருபது வருடத்தில் நீங்கள் கண்டுபிடித்ததில் உருப்படியானது ஏ.டி.எம். மட்டும்தான் என்று.

வைகறை:

அந்த இடத்தில் நான் அவர் பக்கம். 1984-இல் கான்டினென்டல் இல்லினாய் வங்கி விழுந்தபோது, பெரிய வங்கி என்பதற்காகத் தூக்கி நிறுத்தியதில் அவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தபிறகுதான் இந்த விதியைக் கேட்டார் என்று நினைக்கிறேன். எண்பது வயதில் தன் பழைய முடிவின் விளைவைப் பார்த்து அதை அடைக்கப் பார்ப்பது எல்லோராலும் முடியாது.

ஆனால் மெக்சிகோவுக்கு அப்படி ஒரு விதி வரவில்லை, ஐயா. கடனில் விழும் நாடுகளுக்கு முறையான திவால் சட்டம் இன்றுவரை உலகில் இல்லை. ஐ.எம்.எஃப்-இலேயே 2001-இல் அதன் துணைத் தலைவர் ஆன் குரூகர் ஒரு திட்டம் முன்வைத்தார், அமெரிக்கா ஒத்துக்கொள்ளாததால் 2003-இல் கைவிடப்பட்டது.

பனைமரம்:

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்ததே, அப்போதும் இதே கதைதான். ஒவ்வொரு கடன்காரரோடும் தனித்தனியாகப் பேசி, பத்திரக்காரர்களோடு முடிக்க 2024 கடைசி ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் யாழ்ப்பாணத்தில் என்ர அக்கா மண்ணெண்ணெய்க்கு விடியற்காலை மூன்று மணிக்கு வரிசையில் நின்றவ.

மாடக்குளம்:

அந்த வார இறுதியில் வாஷிங்டனில் கட்டணம் கேட்டார்கள் என்றாரே வைகறை, அதற்கும் உங்கள் அக்கா நின்ற வரிசைக்கும் நாற்பது வருடம்.

முதல் பதிவில், பணத்தோடு புழங்கியவர்களில் நான் மனதார மதிப்பது இவரை என்று எழுதினேன். அதை மாற்றப்போவதில்லை. ஆனால் அந்தப் பதிவின் கீழே மெக்சிகோ பற்றி வைகறை எழுதியதை அவர் அனுமதியோடு அப்படியே ஒட்டுகிறேன். புதிதாக வருகிறவர்கள் முதல் பதிவை மட்டும் படித்துவிட்டுப் போவார்கள், அவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கட்டும்.

வைகறை:

ஒட்டுங்கள் ஐயா. பிரேடி திட்டம் பற்றி விரிவாக எழுத என்னிடம் குறிப்புகள் இருக்கின்றன. செம்பருத்தி சேர்ந்து பார்த்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்துவிடலாம்.

செம்பருத்தி:

பார்க்கிறேன் அக்கா. சனிக்கிழமையே அனுப்பிவிடுங்கள்.